இரண்டு காதும் தம்பிக்கு

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. அதற்குத் தப்பு என்கிற பறை இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குத் தப்புக்காரர் லயத்துக் கோடியில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் நின்று அடிப்பார். எழுந்து பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேர் கொடுங்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்குத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டால் காது சரி என்று முடிவு. என் மகள் மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் கண் திறந்தாள்.

இரண்டு வயதில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வயதிலும் பேசவில்லை. நான் கவலைப்பட்டபோதெல்லாம் சுவருக்கு அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில், இருந்த அக்கா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"தப்புக்கு முழிக்கிற புள்ளைக்கு காதுல என்னா கொறை? அவ அப்பன மாதிரி. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு இருக்கா."

என் கணவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் வாய் திறக்கப் பிடிக்காது. அதனால் அந்தக் கேலியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. ஊரார் பிள்ளைகள் நாற்பது பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டு, சொந்தப் பிள்ளை வாய் திறக்காததை முத்துக் கதை கேட்டுத் தள்ளிப்போட்டவள். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், அவளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது, சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒன்பது நாள் தப்பு அடிக்கவில்லை. பள்ளிக்கூடம் நடந்தது, அதனால் நான் வழக்கமான நேரத்துக்கே எழுந்தேன். மகளும் வழக்கமான நேரத்துக்கே கண் திறந்தாள். முதல் நாள், பழக்கம் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாள் காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்து பல்பைப் போட்ட பிறகுதான் அவள் கண் திறக்கிறாள். இவ்வளவு காலமும் தப்பும் பல்பும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன.

ஐந்தாம் நாள் பல்பைப் போடாமல் எழுந்தேன். அவள் தூங்கினாள். இருட்டில் தடவி, ரொட்டி சுடுகிற இரும்புத் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா "யாருடீ அது?" என்று கத்தினார். லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. மகள் விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கினாள். நான் நிறுத்தவில்லை. கணவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள?"

"பல்பப் போடுங்க" என்றேன்.

போட்டார். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகள். முதலில் தோட்டத்து டிஸ்பென்சர். "சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும், டீச்சர்" என்று இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார். காதுக்கும் இருமல் மருந்து, காலுக்கும் இருமல் மருந்து. பிறகு நுவரெலியா, பிறகு கண்டி. எங்கே போனாலும் முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" என் கணவர் என் மாமன் மகன். ஆமாம் என்று சொன்னதும் பேனாவை எடுத்து எழுதிக்கொள்வார்கள், கள்ளனைப் பிடித்துவிட்ட பொலிஸ்காரர் முகத்தோடு. எங்கள் லயத்தில் இருபது காம்பராக்கள். அதில் பாதிப் பேர் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் பேசிப் பேசி என் வகுப்பில் தலைவலியை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னால் யார் கேட்டார்கள்?

நெஞ்சில் கட்டுகிற பெட்டி, அதிலிருந்து இரண்டு காதுக்கும் வயர். காது மெஷின் என்று அதைத்தான் கொடுத்தார்கள். எங்கள் பனிமூட்டத்துக்கு அது ஒத்துவரவே இல்லை. ஈரம் ஏறி நாள் முழுக்க விசில் அடிக்கும். விசில் அவளுக்கு மட்டும் கேட்காது, மற்ற எல்லோருக்கும் கேட்கும். சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தாலும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் பெட்டியைக் காணோம் என்று தேடினால், கோழிக்கூட்டுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. தூரத்தில் இருந்ததும் சிங்களத்தில். விடுதியில் விட எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்பிலேயே முன்வரிசையில் உட்கார வைத்தேன். கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதுவாள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். ஒரு முறை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அவள் கொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, இப்படி எழுத வேண்டும் என்றார். அவள் எழுதியிருந்தது மாடு பற்றிய கட்டுரை. அதில் மாடு என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதற்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. பூ, மாடு, தண்ணீர், பஸ் எல்லாம் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். "ஏன்" என்பதை எதைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது? "ஆனால்" என்பதை?

வீட்டில் கையால் பேசினோம். நாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு. உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால் அப்பா, ஏனென்றால் அவர் கையில் எப்போதும் தேயிலைத் தூள் வாசம். காற்றில் எழுதினால் நான். கன்னத்தில் கையை ஒரு தடவை வைத்துக் கண்ணை மூடித் திறந்தால் நாளைக்கு. இரண்டு தடவை என்றால் நாளை மறுநாள். அதற்கு மேல் எங்கள் கைகளில் காலம் இல்லை.

அவளுக்கு ஒன்பது வயதில் தம்பி பிறந்தான். இந்தத் தடவை நான் தப்பையும் நம்பவில்லை, பக்கத்துக் காம்பரா அக்காவையும் நம்பவில்லை, டிஸ்பென்சரையும் நம்பவில்லை. மூன்றாம் மாதமே ஹட்டனில் ரயில் ஏறிக் கொழும்புக்குக் கொண்டு போனேன். தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்த்தார்கள். திரையில் கோடு அசையாமல் ஓடியது. யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அழுகை வரவில்லை. யார்மேல் என்று தெரியாமல் கோபம்தான் வந்தது. கோட்டை ஸ்டேஷனில் இரண்டு வடை வாங்கி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோடோ சண்டை போடுகிற மாதிரிக் கடித்துத் தின்றேன்.

ஆனால் இந்தத் தடவை ஒரு வழி இருந்தது. காதுக்குள்ளே ஒரு கருவியைப் புதைத்து, வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷினை மாட்டுகிற ஒப்பரேஷன் நாட்டுக்குள் வந்துவிட்டது. அதைச் செய்கிற டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையானவர். நான் கேட்ட கேள்வியையே மூன்று தடவை கேட்டாலும் மூன்று தடவையும் பதில் சொன்னார். அவரே ஒரு தர்ம நிதியத்துக்கு எங்களுக்காக எழுதினார். குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் என்று பார்த்து, அவர்கள் இரண்டு கருவிகளுக்குச் சம்மதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் வருவதற்கே ஒன்றரை வருடம் போனது. தோட்டத் தபால் முதலில் ஒப்பீசுக்குப் போய், அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால்தான் லயத்துக்கு வரும். எங்களுடைய கடிதம் பதினெட்டு நாள் அங்கே ஒரு மேசையில் கிடந்திருக்கிறது. நான் போய்ச் சத்தம் போட்ட சத்தத்தில் கிளார்க் தம்பி கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

இரண்டு பிள்ளைகளையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். மகளுக்குப் பதினொரு வயது. குழாய் மாதிரி இருந்த ஸ்கேன் மெஷினுக்குள் அவள் பயமில்லாமல் படுத்தாள். வெளியே வந்ததும் தன் காதைத் தொட்டு, தம்பி காதைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும், என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். அன்றைக்கு அது உண்மை என்றுதான் நானும் நினைத்தேன்.

முடிவு சொல்ல டொக்டர் எங்களை உட்காரவைத்தார்.

"அம்மா, ஒளிக்காமல் சொல்லுறன். சின்னவருக்கு இப்ப ரெண்டு வயசு. நல்ல காலம். மகளுக்குக் காலம் போயிட்டுது. வைச்சால் சத்தம் கேக்கும். ஆனால் ஆக்கள் என்ன சொல்லினம் எண்டு விளங்காது. கேக்கப் பழக வேண்டிய வயசில மூளை பழகேல்ல. கொஞ்ச நாளில கழட்டி வைச்சிடுவா."

"அப்ப அவளோடது?" என்று நான் கேட்டேன்.

"நீங்கள் ஓமெண்டால் ரெண்டையும் சின்னவருக்கே வைக்கலாம். ரெண்டு காதுக்கும் ஒண்டாய் வைச்சால், எந்தப் பக்கத்தால கூப்பிடினம் எண்டு தெரியும். இரைச்சலுக்குள்ளயும் கதை பிடிபடும். இல்லையெண்டால் மற்றது வேற ஒரு பிள்ளைக்குப் போகும். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

வெளியே நடையில் உட்கார ஒரு வாங்கு. அதில் நானும் கணவரும். மகள் கொஞ்சம் தள்ளி நின்று, தம்பிக்கு ஜன்னல் வழியாக வாகனங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். வாயே திறக்காத மனிதர் அன்றைக்குத் திறந்தார்.

"ஆளுக்கு ஒன்னு. ரெண்டும் நம்ம புள்ளைங்கதானே."

"அவளுக்குப் புரியாதுன்னு சொல்றாருல்ல."

"புரியாட்டிப் போகுது. பின்னால வர்ற லொறிச் சத்தமாச்சும் கேக்கும்ல. ஒன்னுமே இல்லாததுக்கு அது பெருசுதானே. அவனுக்கு ஒரு காது இருந்தாப் பேச்சு வரும்னுதான் அவரும் சொல்றாரு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். ஒரே மண்டபம். நடுவில் சுவர் கிடையாது, தட்டி கிடையாது. ஐந்து வகுப்பும் ஒரே நேரத்தில் கத்தும். ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் தேவாரம், மழை பெய்தால் தகரக் கூரை வேறு. நல்ல காது இரண்டு உள்ள பிள்ளைக்கே அங்கே நான் சொல்வது பாதிதான் போகும். ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு அவன் அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவனுடைய அக்கா மாதிரியே கரும்பலகையைப் பார்த்து மாட்டுக் கட்டுரையை எழுதிக்கொண்டு.

"ஆளுக்குப் பாதின்னு குடுத்தா ரெண்டும் பாதியாத்தாங்க நிக்கும்" என்றேன். "ஒன்னாவது முழுசா வரட்டும்."

அவர் ஜன்னலடியில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார். "தப்புக்கு முழிக்கிறா, காது நல்லா இருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்ததும் நீதானே."

அந்தக் காலத்தில் இந்த ஒப்பரேஷனே இங்கே இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து உள்ளே போய்ப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். தாய் அல்லது தந்தை என்று இருந்தது, ஒரு கையெழுத்து போதும். திரும்பும்போது ரயிலில் அவர் எனக்கு எதிர் இருக்கையில், மகளோடு உட்கார்ந்தார். மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

லயத்தில் செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. ஆம்பளப் பிள்ளை என்றதும் ரெண்டு, பொம்பளப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, படித்த பொம்பளையும் இப்படியா என்று பீலியடியில் பேசிக்கொண்டார்கள். நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். இவன் மூத்தவனாகவும் அவள் இளையவளாகவும் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இதையேதான் செய்திருப்பேன். ஆனால் அதை ஒவ்வொரு குடத்துக்கும் நின்று விளக்க முடியுமா? "ஆமா, அப்படித்தான்" என்று ஒருத்தியிடம் வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் சுற்றி வந்தது.

ஒப்பரேஷன் முடிந்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் முடி மழித்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு மகனைக் கொண்டு வந்தோம். மகள் அந்தக் கட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்து மெஷினை மாட்டி ஓட விட்டார்கள். முதல் சத்தத்துக்கு அவன் வீறிட்டு அழுதான். எல்லோரும் கை தட்டினார்கள், அதற்கும் அழுதான். திரும்பி வரும்போது, சண்டைக் காலம் அல்லவா, சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பிள்ளையின் தலையில் வயரும் காந்தமும் ஒட்டியிருப்பதைப் பார்த்த சிப்பாய் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "மே லமயாட்ட கன் எஹென்னே நே" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பிள்ளைக்குக் காது கேட்காது என்று, பத்துத் தடவை சொன்னேன். நனைந்துவிடக் கூடாதே என்று மெஷினைக் கையால் மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் மழையில் நின்றோம்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருக்கும்போது மகள் முன்னால் வந்து நின்றாள். தம்பியைக் காட்டினாள். இரண்டு காதையும் காட்டினாள். பிறகு தன் காதைத் தொட்டு, உள்ளங்கையை விரித்தாள். எனக்கு?

காலம் போய்விட்டது என்பதற்கு எங்கள் கையில் என்ன இருக்கிறது? மூளை பழகவில்லை என்பதை எப்படிக் காட்டுவது? உன்னுடையதை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் கையால் சொல்லலாம். எடுப்பது, கொடுப்பது, இரண்டும் எங்களிடம் இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் குளிர், தலைவலி, அடுப்பில் எதுவும் இல்லை. கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடித் திறந்தேன். நாளைக்கு.

அவள் சந்தோஷமாகப் போனாள். மறுநாள் கேட்டாள். மறுபடி கன்னத்தில் கை வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். பிள்ளைதானே, மறந்துவிட்டாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

மெஷினின் சத்தத்தைச் சரிபார்க்க மறுமாதம் மகனை மறுபடி கொழும்புக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. மகளைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் விட்டுவிட்டுக் காலை ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. கணவர் வேலைக்குப் போய்விட்டார். ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் பையோடு அலைந்துகொண்டிருந்தேன். மகன் உள்ளே பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தான்.

அவள் வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடச் சப்பாத்து, தீபாவளிச் சட்டை, கையில் ஒரு பை. தலையைத் திருப்பிக் காட்டினாள். என் தையல் கத்தரியால் இரண்டு காதுக்குப் பின்னாலும் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இடது பக்கத்தில் தோலும் கொஞ்சம் வெட்டுப்பட்டு இரத்தம் காய்ந்திருந்தது. தன் காதைத் தொட்டாள். தம்பியைக் காட்டினாள். இரண்டு விரல்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. முடியை ஏன்டி வெட்டினே என்று ஆரம்பித்தேன், பிறகு தப்பு, டிஸ்பென்சர், பதினெட்டு நாள் கிடந்த கடிதம், டொக்டர், கையெழுத்து, எல்லாம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருடமும் யாரிடமும் கத்தாததை எல்லாம் அவளுடைய முகத்துக்கு நேரே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மகன் சட்டென்று திரும்பினான். நான் நிற்கிற பக்கம் சரியாகத் திரும்பி, உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

மகள் அவன் அழுவதைப் பார்த்துவிட்டாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் கன்னத்தைத் துடைத்தாள். காலில், கையில், முதுகில் அடிபட்ட அடையாளம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமாக, யார் இவனை அடித்தது என்று கையால் கேட்டாள்.